சீமைக் குளிரில் ராமானுஜன்

சென்ற மார்கழியில் கண்டாச்சிபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். விடியற்காலையில் எதிரே இருந்த குன்று தெரியாதபடி பனி மூடியிருந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காபித் தம்ளரை இரண்டு கையாலும் இறுகப் பற்றியபடி திண்ணையில் உட்கார்ந்து நடுங்கினோம். "இருபது டிகிரிக்கே இப்படியா?" என்று நண்பர் சிரித்தார். உள்ளே அவருடைய தாயார் கைப்பேசியில் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். பேரன் கனடா தேசத்தில் வின்னிபெக் நகரில் படிக்கிறான். அன்று அங்கே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியாம்.

"கம்பளியைப் போத்திக்கிட்டுத்தானே படுக்கிற, கண்ணு?"

இதைக் கேட்டதும் நமக்குக் கணித மேதை ராமானுஜன் ஞாபகம் வந்தது. அதற்கு அந்த ஊரும் ஒரு காரணம். கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்திலேதான் திருக்கோவலூர் இருக்கிறது. 1910-ம் வருஷத்தில் அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர். இருபத்திரண்டு பிராய இளைஞர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரிடம் வந்து, ஒரு குமாஸ்தா உத்தியோகம் கேட்டார். நோட்டைப் புரட்டிய ஐயர் திகைத்துப் போனார். இப்பேர்ப்பட்டவரை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைப்பதா என்று, வேலை கொடுக்காமல் சென்னைக்குச் சிபார்சுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வேலை கிடைத்திருந்தால் ராமானுஜன் இந்தப் பக்கத்துத் தாலுகாக் கச்சேரியிலேயே கணக்கு எழுதிக்கொண்டு நெடுநாள் சௌக்கியமாக இருந்திருப்பாரோ என்னவோ!

1914 மார்ச் 17-ம் தேதி சென்னையில் 'நெவாஸா' என்ற கப்பல் ஏறி, ஏப்ரல் 14-ம் தேதி லண்டன் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியில் வாசம். அவரை வரவழைத்த பேராசிரியர் ஹார்டி கணிதத்தில் அவருக்கு வேண்டியதையெல்லாம் செய்தார். ஆனால் படுக்கையை எப்படிப் பிரிப்பது என்று சொல்லிக்கொடுப்பது பேராசிரியருடைய வேலையா என்ன?

அப்போது கிங்ஸ் கல்லூரியில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் ராமானுஜனுடைய அறைக்குப் போனபோது, இவர் கணப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தெரிகிறதா என்று மகலனோபிஸ் விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுப்பதாகவும், அப்படியும் குளிர் போகவில்லையென்றும் ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகளுக்குக் குறைவில்லை! ஆனால் சீமை வழக்கப்படி அவற்றை மெத்தையின் விளிம்புக்கு அடியில் இறுகச் செருகி, மேலே ஒரு துணி விரிப்பைத் தளர்வாகப் போட்டிருந்தார்கள். ராமானுஜன் கம்பளிகளின் மேலே படுத்து, அந்த விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார். கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

இதைப் படித்து நேயர்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் வீடுகளில் பாயை உதறிப் போட்டு, தலைமாட்டில் போர்வையை வைப்போம். அவரவர் எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள். போர்வையை யாராவது பாய்க்கு அடியில் செருகி வைப்பார்களோ? விரித்து வைத்த படுக்கையை அவர் மரியாதையாகக் கலைக்காமல் விட்டார். ஒருவரையும் கேட்கவும் இல்லை. கூச்சம்!

சாப்பாட்டு விஷயமும் இதே மாதிரிதான். கல்லூரிப் போஜனசாலைக்குச் சைவ உணவுக்காரரான அவர் போவதில்லை. அறையிலேயே அடுப்பு வைத்துத் தாமே சமைத்தார். கணக்கில் மூழ்கிவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சமையல். சில சமயம் அதுவும் இராது. ஒரு தரம் நண்பரையும் அவருக்கு மனைவியாக வரப்போகும் பெண்மணியையும் விருந்துக்கு அழைத்தார். ரஸம் இரண்டு முறை பரிமாறியாயிற்று. மூன்றாம் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ராமானுஜன் எழுந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை; ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார்! ஊரை விட்டுத் தனியே இருப்பவனுக்குத் தான் ஆக்கிய ரஸத்தை வேண்டாம் என்றால் எப்படி இருக்கும் என்பதை, தனியே சமைத்துச் சாப்பிட்டவர்களே அறிவார்கள்.

1916-17 குளிர்காலம் இங்கிலாந்தில் கடுமையாக இருந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடு இங்கிலாந்தின் மாதச் சராசரி உஷ்ணம் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஏப்ரலிலும் குளிர் விடவில்லை. யுத்தத்தினால் ஆகாரப் பண்டங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. அந்த வசந்தத்தில் ராமானுஜன் நோயில் விழுந்தார். க்ஷயரோகமாக இருக்கலாம் என்று வைத்தியர்கள் கருதினார்கள். அந்நாளில் அதற்குச் சிகிச்சை என்னவென்றால், திறந்த வெளிக் காற்று! பனிக் காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவார்கள். குளிருக்குப் பயந்தவரை அவ்வாறு மெண்டிப் மலையிலும், பிறகு டர்பிஷயரில் மாட்லாக் என்ற இடத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஆரோக்கிய விடுதியிலிருந்து ஹார்டிக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் மனத்தை உருக்குவது. வந்து ஒரு மாதமாகிறது, கணப்பு மூட்டித் தரவில்லை, நடுக்கத்தில் சில வேளை சாப்பிடக்கூட முடியவில்லை என்று எழுதுகிறார். முக்கியமான கணித வேலை செய்யும் நாளில் கணப்பு உண்டு என்று அங்கே வாக்குக் கொடுத்தார்களாம். அந்த நாள் இன்னும் வரவில்லையாம். குளியலறை மட்டும் கதகதப்பாக இருப்பதால், தினம் ஒரு மணி நேரம் காகிதமும் பேனாவுமாக அதற்குள் போய் உட்கார்ந்து கட்டுரைகள் எழுதி அனுப்புவதாகவும், இந்த யோசனை முன்பே தோன்றாமற் போயிற்றே என்றும் அதிலே சொல்கிறார். 1918 மே மாதத்தில் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் மாட்லாக்கில் நோயாளியாகத்தான் இருந்தார்.

1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவருக்கு வந்தது க்ஷயமே அல்ல, கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என்று டி. ஏ. பி. யங் என்பவர் 1994-ல் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அப்படியானால் திறந்த ஜன்னலும் அணைந்த கணப்பும் வீண்தானே?

இவ்வளவையும் திண்ணையில் நண்பருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். கைப்பேசியை வைத்துவிட்டு வந்த அவர் தாயார் நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளைக்குக் கம்பளியைப் பிரிச்சுக் காட்ட ஒருத்தருமா இல்ல?"

"ஒருவர் இருந்தார், அம்மா. அந்த வங்காளிப் பையன் பிற்பாடு கல்கத்தாவில் 1931-ல் புள்ளியியல் கழகத்தை ஏற்படுத்தினார். தேசத்தின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கே அவர்தான்..."

அம்மாள் நம்மைப் பேசி முடிக்க விடவில்லை. "அது கிடக்கட்டுங்க. நல்ல புள்ள, உள்ள போய்ப் பாத்துதே!" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கைப்பேசியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.