‘+65’ வந்தால் எடுக்கலாமா?

கைப்பேசித் திரையில் ‘+65’ என்று தொடங்கும் எண் தெரிந்தால் எடுக்காதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை இது. என் பாட்டி அதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். ஆனால், வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர் எண்ணிலிருந்து யார் அழைத்தாலும் ‘+65’ என்றுதான் வரும். எண்ணைச் சேமித்து வைக்காதவரை, பக்கத்து புளோக்கில் இருக்கும் சித்தப்பா மகனும் ‘+65’தான். “அப்படின்னா அவனும் மோசடிக்காரனா?” என்று பாட்டி கேட்டார்.

நியாயமான கேள்வி. தொலைபேசிக்கு நாம் போட்டு வைத்திருக்கும் நல்ல விதி, இணைய அழைப்புக்கு வரும்போது பொருளற்றுப் போகிறது. இன்று என் வயதினர் பலர் ‘போன் பண்ணு’ என்று சொல்லும்போது நினைப்பது வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்பைத்தான். அப்படியிருக்க, தொலைபேசிக்கு இருக்கும் பொறுப்புகளில் எவை இந்தச் செயலிகளுக்கும் இருக்க வேண்டும்? இதைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு.

முதலில் அந்தக் கூட்டல் குறியின் கதை. ஓர் அழைப்பு வரும்போது திரையில் தெரியும் எண்ணை, அழைப்பு புறப்படும் இடத்தில் உள்ள கட்டமைப்புதான் அனுப்பி வைக்கிறது. பெறும் பக்கத்தில் உள்ள நிறுவனம் பெரும்பாலும் அதை நம்பி அப்படியே காட்டிவிடும். செப்புக் கம்பிக் காலத்தில் தொலைபேசி நிறுவனங்கள் சிலவே இருந்ததால் அந்த நம்பிக்கை செல்லுபடியானது. குரலை இணையம்வழி அனுப்பும் தொழில்நுட்பம் பரவிய பிறகு, ஒரு கணினியும் அதற்கான மென்பொருளும் இருந்தால் போதும். எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, 6 என்று தொடங்கும் சிங்கப்பூர் அலுவலக எண்ணைக் காட்டி அழைப்பவர்கள் இப்படித்தான் பெருகினார்கள்.

2020 ஏப்ரலில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் ஏற்பாட்டில், வெளிநாட்டிலிருந்து உள்ளே நுழையும் எல்லா அழைப்புகளுக்கும் முன்னால் கூட்டல் குறி சேர்க்கும் முறை நடப்புக்கு வந்தது. எண் பொய்யாக இருக்கலாம். ஆனால் அழைப்பு எந்த வாசல் வழியாக வந்தது என்பது நம் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். உள்ளூரிலிருந்து வரும் சாதாரண அழைப்புக்குக் கூட்டல் குறி வராது. ஆகவே, ‘+65’ என்றால் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே சிங்கப்பூர் எண்ணைக் காட்டும் அழைப்பு என்று பொருள். சுற்றுலா போன நண்பர் அங்கிருந்து அழைத்தாலும் அப்படி வரலாம். மற்றபடி சந்தேகப்படுவது நல்லது. எளிமையான, புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே இதைச் சொல்வேன்.

குறுஞ்செய்திக்கும் இப்படி ஒரு வாசல் போடப்பட்டது. அதற்குக் கொடுத்த விலை பெரியது. 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். போலிச் செய்தி, வங்கியின் உண்மையான பழைய செய்திகள் இருந்த அதே வரிசையில் வந்து அமர்ந்ததுதான் கொடுமை. பின்னர் நிறுவனங்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஜனவரி 31 முதல், பதிவில்லாத பெயரில் வரும் செய்திகளுக்கு ‘லைக்லி ஸ்கேம்’ என்ற தலைப்பு விழுந்தது. 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான அரசாங்க அமைப்புகள் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் குறுஞ்செய்தி அனுப்புகின்றன.

இத்தனைக்குப் பிறகும் மோசடிகளில் பறிபோன தொகை 2023ல் 651.8 மில்லியன் வெள்ளி. 2024ல் குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. இதற்குக் காரணம் ஒன்றல்ல. ஆனால் ஒன்றை மட்டும் காவல்துறையின் எச்சரிக்கைகளைப் படித்தாலே கண்டுகொள்ளலாம். வங்கி அதிகாரி என்று ஒருவர் அழைக்கிறார். உங்கள் பெயரில் சந்தேகத்திற்குரிய பரிவர்த்தனை நடந்திருக்கிறது என்று பயமுறுத்துகிறார். பிறகு ‘காவல்துறை அதிகாரி’ ஒருவரிடம் பேச்சை மாற்றிவிடுகிறார். அங்கிருந்து உரையாடல் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. அங்கே போலி அடையாள அட்டை வரும், போலி ஆவணம் வரும். கூட்டல் குறியும் பெயர்ப் பதிவும் காவல் காக்கும் வீதியிலிருந்து ஆளைக் காவல் இல்லாத வீதிக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள்.

‘தொலைபேசி வேறு, இணையச் செயலி வேறு, இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது’ என்று சொல்பவர்கள் உண்டு. தொழில்நுட்ப ரீதியாக அந்த வேறுபாடு நம் ஊரில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2017 ஏப்ரலில் 2ஜி கட்டமைப்பை மூடினார்கள். 2024ல் 3ஜியும் போனது. எஞ்சியிருக்கும் 4ஜி, 5ஜி கட்டமைப்புகளில் நாம் செய்யும் சாதாரண அழைப்பும் இணைய நெறிமுறைப்படி சிறு சிறு தரவுப் பொட்டலங்களாகத்தான் போகிறது. அந்த வசதி இல்லாத பழைய கைப்பேசிகளை மாற்ற வேண்டி வந்தது இதனால்தான். குரல் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்த்தால் நான் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பதும் வாட்ஸ்அப்பில் அழைப்பதும் உறவுக்காரர்கள். மிச்சமிருக்கும் பெரிய வேறுபாடு, தவறு நடந்தால் யார் பதில் சொல்வது என்பதே.

இணையத் தொலைபேசிக்கு விதி போடுவது சிங்கப்பூருக்குப் புதிதும் அன்று. 2005லேயே அதற்கென்று 3 என்று தொடங்கும் எட்டு இலக்க எண்களை ஒதுக்கினார்கள். வீட்டுத் தொலைபேசிக்கு 6, கைப்பேசிக்கு 8 அல்லது 9, இணையத் தொலைபேசிக்கு 3. எண்ணைப் பார்த்தவுடனே இது எந்த வகை என்று தெரியும். ஆனால் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் தனக்கென்று எண் எதையும் கேட்கவில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருந்த கைப்பேசி எண்ணையே அடையாளமாக எடுத்துக்கொண்டன. அதனால் 8, 9 எண்களின்மீது நமக்கிருந்த நம்பிக்கையும் அவற்றுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது. பிறர் பெயரில் பதிந்த சிம் அட்டையை வைத்து ஒருவர் கணக்குத் தொடங்கிவிட்டால், பிறகு அவர் எந்த நாட்டில் இருந்தாலும் நமக்கு அவர் ‘சிங்கப்பூர்க்காரர்’தான். இதனால்தான் 2024 ஏப்ரலில் ஒருவர் பெயரில் 10 மாதக் கட்டண இணைப்புகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்தது. 2025 ஜனவரி முதல், தவறான செயலுக்குப் பயன்படும் என்று தெரிந்தும் தன் சிம் அட்டையைப் பிறருக்குக் கொடுப்பது குற்றம். சுலபமாகக் காசு கிடைக்கிறதே என்று சிம் எடுத்துக் கொடுக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதி வேண்டும் என்றால், எப்படிப்பட்ட விதி? இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்குப் போனால் திடல்களிலும் நடைபாதை ஓரங்களிலும் நம் ஊழியர்கள் கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மறுமுனையில் அறந்தாங்கியோ பட்டுக்கோட்டையோ இருக்கும். குழந்தை நடக்கப் பழகுவதை அப்பா திரையில் பார்ப்பார். ஒரு காலத்தில் இதே தெருக்களில் வெளிநாட்டு அழைப்புக்கான அட்டைகள் விற்பனையாகின. அட்டையைச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்தி, பணம் தீர்வதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று என் அப்பா சொல்வார். இணைய அழைப்பு ஏழை ஊழியருக்குக் கொடுத்த அளவுக்கு வேறெந்தத் தொழில்நுட்பமும் அண்மைக்காலத்தில் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிலும் நம்மவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம்; குரல், காணொளி அழைப்பு செய்ய முடியாது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான் இணைய அழைப்பை வழங்கலாம் என்பது அங்குள்ள விதி. அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன. ஆனாலும் மகன் ஒரு செயலியில், ஊரில் இருக்கும் அம்மா வேறொன்றில் என்றால் எவ்வளவு தொல்லை என்று நினைத்துப் பாருங்கள். அந்த வழி நமக்கு வேண்டாம்.

இந்தியா இன்னொரு வழியை எடுத்திருக்கிறது. கணக்குத் தொடங்கப் பயன்பட்ட சிம் அட்டை அதே கைப்பேசிக்குள் இருந்தால்தான் செய்திச் செயலி இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் அந்நாட்டுத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. மோசடிக்காரர்களைப் பிடிக்க நல்ல யோசனைதான். ஆனால் ஊர் எண்ணில் வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு, அந்த சிம்மைப் பணப்பைக்குள் போட்டுவிட்டு, இங்கே வாங்கிய சிம்மைப் பயன்படுத்தும் ஊழியரை எண்ணிப் பாருங்கள். இந்த விதி முதலில் உறுத்தப்போவது அவரைத்தான். சட்டம் எழுதுகிறவர்கள் இப்படிப்பட்டவர்களை மேசையில் உட்கார வைத்துக் கேட்டார்களா என்று நான் யோசித்ததுண்டு.

சிங்கப்பூர் எடுத்திருக்கும் பாதை இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. 2023ல் நிறைவேறிய இணையக் குற்றத் தீங்குச் சட்டத்தின்கீழ், 2024 ஜூனில் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம், வீசாட் ஆகியவற்றுக்கு நடத்தை நெறிமுறை விதிக்கப்பட்டது. மோசடிக் கணக்குகளைக் கண்டறிந்து நீக்கும் ஏற்பாடுகள் அவர்களிடம் இருக்க வேண்டும். 2025 நவம்பரில் உள்துறை அமைச்சு ஆப்பிளுக்கும் கூகலுக்கும் உத்தரவிட்டது: ஐமெசேஜிலும் கூகல் மெசேஜஸிலும் ‘கவ்.எஸ்ஜி’ என்ற பெயரை யாரும் போலியாக வைத்துக்கொள்ள விடக்கூடாது. குறுஞ்செய்திக்கு இருந்த காவல் இணையச் செய்திக்கும் நீண்டது. எனக்கு மிகவும் பிடித்த நடவடிக்கை இது. ஏனெனில் இது யாருடைய உரையாடலையும் ஒட்டுக்கேட்கச் சொல்லவில்லை. பெயரை மட்டும் சரிபார்க்கச் சொல்கிறது.

இந்த வேறுபாடு முக்கியம். வாட்ஸ்அப் அழைப்புகள் இருமுனை மறையாக்கம் செய்யப்பட்டவை. பேசுவதை அந்த நிறுவனமே கேட்க முடியாது. மோசடியைத் தடுக்க இந்தப் பூட்டை உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். பூட்டை உடைக்காமலேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இந்தக் கணக்கு எத்தனை நாள்களுக்கு முன் தொடங்கப்பட்டது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்பதைப் பற்றிச் செயலிக்கு நம்மைவிட அதிகம் தெரியும். முன்பின் தெரியாத அழைப்பு வரும்போது ‘வெளிநாட்டிலிருந்து இயங்கும் புதிய கணக்கு’ என்று திரையில் ஒரு வரி காட்டலாம். கூட்டல் குறி செய்த வேலையை இந்த ஒரு வரி செய்யும். அதைத் தமிழிலும் காட்டினால் என் பாட்டிக்கு என் தயவு தேவைப்படாது.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. இந்தச் செயலிகளில் 995ஐ அழைக்க முடியாது. ‘எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப் இருக்கிறதே, எதற்கு இணைப்புக் கட்டணம்’ என்று அரங்கக் கம்பியில்லா இணையத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ளும் சக மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் அடக்கிவைக்கும் வசதியை வாட்ஸ்அப் 2023லேயே கொண்டுவந்துவிட்டது. அமைப்புகளுக்குள் சென்று, தனியுரிமைப் பகுதியில், அழைப்புகள் என்ற இடத்தில் இருக்கிறது. அழைப்பு வந்தது பட்டியலில் பதிவாகும். மணி மட்டும் அடிக்காது. முக்கியமானவராக இருந்தால் பிறகு நாமே அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை ஒவ்வொருவரும் தேடிப்போய் இயக்க வேண்டும். யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களால்தான் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் கைப்பேசியில் அது தானாகவே இயங்கட்டும், வேண்டாம் என்பவர்கள் அணைத்துக்கொள்ளட்டும் என்று ஏன் கட்டாயப்படுத்தக் கூடாது?

அடுத்த முறை இந்த நெறிமுறைகளைத் திருத்தும்போது அமைச்சு இதைக் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை அந்த வேலை பேரப்பிள்ளைகளான நம் தலையில்தான். ஒரு கைப்பேசிக்கு இரண்டு நிமிடம் போதும். எண் யாருடையது என்று குழம்பினால் 1799ஐ அழைக்கலாம்; அந்த மோசடி உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. பாட்டியின் கைப்பேசியில் சித்தப்பா மகனின் எண்ணையும் அவன் பெயரில் சேமித்துவிட்டேன். இப்போது அவன் அழைத்தால் ‘+65’ தெரிவதில்லை.