ஜோன் நம்பரை நம்பி மாதுளை நடலாமா?

நான் இருக்கிறது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து டல்லாஸ் பக்கம். இங்கே நர்சரிக்குப் போனா எல்லாச் செடியிலும் ஒரு ஜோன் நம்பர் இருக்கும். அமெரிக்க விவசாயத் துறையோட வரைபடத்தில் டல்லாஸ் ஜோன் 8. அதாவது, வருஷத்தோட மிகக் குளிரான இரவு மைனஸ் 12-லிருந்து மைனஸ் 7 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கும். மாதுளையும் சுமார் மைனஸ் 12 வரை தாங்கும்னு சொல்வாங்க. அப்போ நட்டுடலாமா?

கொஞ்சம் பொறுங்க. அந்த நம்பர் ஒரு சராசரி. 30 வருஷத்தில் ஒவ்வொரு வருஷத்தோட மிகக் குளிரான இரவையும் எடுத்து சராசரி போட்டது. சராசரி டிராஃபிக்கை மட்டும் பார்த்து சர்வர் வாங்கினா, தீபாவளி சேல் அன்னைக்கு என்ன ஆகும்? அதே கதைதான். 2021 பிப்ரவரி 16 அன்று டல்லாஸில் கிட்டத்தட்ட மைனஸ் 19. மாதுளை, அரளின்னு எத்தனையோ செடிகள் தரை வரைக்கும் கருகிப்போச்சு. 2023-ல் வந்த புது வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. அந்த இரவு அதில் இல்லவே இல்லை.

இன்னொன்று, வேகம். குளிர் படிப்படியா ஏறினா செடி தயாராகும். செல்லுக்குள்ள சர்க்கரை சேரும், உறையுறது தள்ளிப்போகும். நடுவில் ஒரு வாரம் நல்ல வெயில் அடிச்சா அந்தத் தயாரிப்பு கலைஞ்சிடும். அப்புறம் திடீர்னு உறைபனி வந்தா, டிசம்பரில் தாங்கின குளிரையே பிப்ரவரியில் தாங்காது.

அதுக்காக நடாம இருக்கணுமா? இல்லை. செடி செத்தாலும் வகை கையைவிட்டுப் போகாதபடி நடணும். நான் பண்றது இதுதான்:

ஒட்டுக்கன்று வாங்காம, பதியன் போட்டதோ குச்சியில் வேர்விட்டதோ வாங்குவேன். மேலே கருகினாலும் வேரிலிருந்து அதே வகைதான் துளிர்க்கும். ஒட்டுக்கன்றில் அடிச்செடிதான் முளைச்சு வரும்.

வருஷா வருஷம் ரெண்டு குச்சியைத் தொட்டியில் நட்டு உள்ளே வைப்பேன். அது நம்ம பேக்கப்.

உறைபனி வர்றதுக்கு முந்தின நாள் தண்ணி ஊத்துவேன், ஈரமண் சூட்டைப் பிடிச்சு வைக்கும். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு. மேலே போடுற போர்வை தரையைத் தொடணும். செடிக்குச் சூடு மண்ணிலிருந்துதான் வருது.

கடைசியா, கருகின செடியை மார்ச்சிலேயே பிடுங்காதீங்க. பட்டையை நகத்தால் கீறிப் பாருங்க. பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. தெரியலைனாலும் மே முடியுற வரை விட்டு வைங்க. வேர் எப்போ துளிர்க்கணும்கிறது அதோட முடிவு.