பாரமா, காற்றா: சார்ஜைத் தின்பது எது?

டாடா ஏஸ் ஈவியின் பேட்டரி 21.3 யூனிட் பிடிக்கும். 2022-இல் அறிமுகமானபோது சொன்ன ரேஞ்ச் 154 கிலோமீட்டர். புதுவாயலிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சரக்கேற்றி நெடுஞ்சாலையில் விரட்டினால் அது ஏன் குறைகிறது?

முதல் காரணம் காற்று. வேகம் 40-இலிருந்து 60 ஆனால் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்காகிவிடும். தார்ப்பாய் படபடத்தால் இன்னும் மோசம், இழுத்துக் கட்டுங்கள். அடுத்த காரணம் பாரம். அது டயரை அழுத்தும். வண்டியைக் கிளப்பும்போதும் மேம்பாலம் ஏறும்போதும் நிறையவே தின்னும். ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோவாக மாறி, அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். காற்றிடம் போனது போனதுதான்.

சார்ஜுக்கு 15 ஆம்பியர் பிளக் போதும். மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். ராத்திரி போட்டால் விடிவதற்குள் நிறைந்துவிடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் கூடவே கூடாது, சூடாகி உருகிவிடும்.