ட்றங்குப் பெட்டியும் மூன்று கணனிகளும்

இடம்பெயர்ந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு பையின் கதை இருக்கும். ஷெல் விழத் தொடங்கியதும் தாய் முதலில் தூக்கியது பிள்ளையை. அடுத்ததாக எடுத்தது அந்தப் பையை. அதற்குள் காணி உறுதி, பேமிற், பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, நகை அடைவு வைத்த துண்டு. எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பலருடைய பை கடைசிவரை கூடவே வந்தது. சிலருடையது கடலேரியைக் கடக்கையில் நனைந்து கூழாயிற்று. சிலருடையது பதுங்குகுழிக்குள்ளேயே கிடந்துவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது ட்றங்குப் பெட்டியோடு போனவையும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்னர் எமது நிலையத்துக்கு வந்த முதியவர் ஒருவர் கேட்டார்: "சுவாமி, காணி அங்கதான் கிடக்கு, அது எங்கையும் ஓடாது. ஆனா அது என்ரை எண்டு காட்ட என்னட்டை என்ன கிடக்கு?"

இந்தக் கேள்விக்கு விடை தேடப்போய் நாம் கற்றுக்கொண்டவற்றையும், அதில் நாமே விட்ட ஒரு பெரும் பிழையையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

முன்னோர் காட்டிய வழி

ஓர் ஆவணத்துக்குப் பிரதி எடுத்து வெவ்வேறு இடங்களில் வைப்பது கணனியோடு வந்த புதுமை அன்று. நொத்தாரிசு காணி உறுதி முடிக்கும்போது அது மூன்று பிரதிகளாக எழுதப்படுகின்றது. மூலம் காணிக்காரர் கைக்கு வரும். ஒன்று நொத்தாரிசிடம் இருக்கும். மற்றது காணிப் பதிவகத்துக்குப் போகும். திருச்சபையும் இதே வழியைக் கைக்கொண்டது. பங்குப் பதிவேடுகளின் பிரதியை ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டும் என 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்திருந்தது.

விவசாயிக்கு இதை நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நல்ல விதைநெல் கிடைத்தால் அயலாருக்கும் உறவினருக்கும் கொஞ்சம் கொடுத்துவைப்பார். தம் வயல் வெள்ளத்தில் அழிந்த போகத்தில் அவர்களிடமே வாங்கி விதைப்பார். சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே இருந்த இக்கார்டா விதை வங்கியும் இதைத்தான் செய்தது. நோர்வேக்குச் சொந்தமான ஸ்வால்பாட் தீவில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விதைக் களஞ்சியத்துக்குத் தன் விதைகளில் ஒரு பங்கை அனுப்பி வைத்தது. பின்னர் போர் மூண்டு அந்த வங்கியே பயன்படாத நிலை வந்தது. 2015ஆம் ஆண்டு ஸ்வால்பாட்டிலிருந்து விதைகளைத் திருப்பி எடுத்து, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017ஆம் ஆண்டு மீண்டும் ஒரு பங்கைக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள்.

இதற்கு மாறான கதையை நாம் எல்லோரும் அறிவோம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடங்களிலும் பிரதி இருந்த நூல்களைத் தேடிச் சேர்க்க வழியிருந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் போனது போனதே.

நம் முதியவருக்கும் ஒரு பிரதியே கைகொடுத்தது. மகளுக்கு எழுதிக் கொடுத்த சீதன உறுதி வேறு ஊரில் அவளுடைய பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதில் முன்னைய உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெற விண்ணப்பிக்க முடிந்தது. காகிதம் தொலைந்தாலும் அதிலுள்ள விபரம் எங்கோ ஓரிடத்தில் தப்பியிருந்தால் வழி பிறக்கும் என்பதை அன்று கண்டோம்.

கணனியில் வைத்தால் போதுமா?

அதன் பின்னர், விரும்பிய குடும்பங்களின் ஆவணங்களை ஸ்கான் செய்து எமது நிலையத்துக் கணனியில் சேர்க்கத் தொடங்கினோம். கிராமத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் குடும்பத்துக்கு ஒன்று. சில மாதங்களில் கடமை முடிந்தது என்ற நிறைவும் வந்தது.

ஆனால் ஒரே மேசையில் இருக்கும் ஒரே கணனி, இன்னுமொரு ட்றங்குப் பெட்டிதான். ஓர் இடி மின்னல் போதும். கூரை ஒழுக்கு, கறையான், திருட்டு, பழுதான ஹாட் டிஸ்க், இவற்றில் ஒன்று போதும். பல குடும்பங்களின் பைகளை ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டியதால் ஆபத்தைக் கூட்டியிருந்தோம்.

முதலில் மாதம் ஒருமுறை பென் டிரைவில் பிரதி எடுப்பது என்று தீர்மானித்தோம். திருநாள் வந்தது, வெள்ளம் வந்தது, பொறுப்பாளர் மாறினார். மாதம் ஒருமுறை என்பது நினைத்தபோது ஒருமுறை ஆயிற்று. மனிதர் மறப்பார்கள். ஆகவே மறக்காத ஏற்பாடு ஒன்று வேண்டியிருந்தது.

தானாகப் பிரதி எடுக்கும் ஏற்பாடு

வலையமைப்பில் இணைந்த கணனிகள் ஒன்றின் கோப்பை மற்றொன்றில் தாமாகவே பிரதி செய்யும்படி ஒழுங்குசெய்யலாம். இதற்குப் பல மென்பொருள்கள் உண்டு. 1996ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் உருவான ஆர்சிங்க் அவற்றில் பெயர் பெற்றது. நாம் பயன்படுத்தியது 2013ஆம் ஆண்டு வெளிவந்த சிங்க்திங் என்ற இலவச மென்பொருள். இதில் நடுவில் ஒரு கொம்பனியின் களஞ்சியம் இல்லை. நம் கோப்புகள் நம் கணனிகளில் மட்டுமே இருக்கும்.

மூன்று இடங்களைத் தெரிந்தோம்: எமது நிலையம், தூரத்துப் பங்கு ஒன்றின் பணிமனை, நகரிலுள்ள அருட்சகோதரிகளின் இல்லம். மூன்று கணனிகளிலும் மென்பொருளை நிறுவியதும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நீண்ட அடையாள இலக்கத்தைக் காட்டும். இந்த இலக்கத்தை அங்கும், அங்குள்ளதை இங்கும் பதிந்து, இரு பக்கமும் சம்மதம் கொடுத்தால்தான் இரண்டும் பேசும். அழையாத விருந்தாளி உள்ளே வர முடியாது. பின்னர் எந்தக் கோப்புறையை யாரோடு பகிர்வது என்று குறிக்க வேண்டும்.

முதல் தடவை முழுக் கோப்புறையும் போய்ச் சேர நாட்கள் எடுத்தன. அதன் பிறகு மாறிய பகுதி மட்டுமே போகும். ஆகவே மெதுவான இணைப்பிலும் வேலை நடக்கும். மின்சாரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வழியில் பிறர் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கியே அனுப்பப்படும். ஒரே கட்டடத்திலுள்ள இரு கணனிகளாயின் இணையம் இல்லாமலே அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும்.

காலையில் இங்கே ஸ்கான் செய்த உறுதி மாலைக்குள் மூன்று இடங்களிலும் இருந்தது. எமக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நாம் விட்ட பிழை

ஒருநாள் பிற்பகல் கணனியில் இடம் போதவில்லை. ஏறக்குறைய ஒரே பெயரில் இரு கோப்புறைகள் தெரிந்தன. ஒன்று இரட்டிப்பு என எண்ணி நாமே அழித்தோம். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினோம். அன்று மாலை குடும்பம் ஒன்று தம் ஆவணத்தைக் கேட்டு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அழிந்தது ஒரு முழுக் கிராமம். அந்த முதியவரின் காகிதங்களும் அதற்குள்தான் இருந்தன.

பதறாமல் அருட்சகோதரிகளுக்குத் தொலைபேசி எடுத்தோம். அங்கே பிரதி இருக்கிறதே! சகோதரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுவாமி, இங்கையும் அதைக் காணேல்லை."

கணனி தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. இங்கே எழுதியதை அங்கே எழுதச் சொல்லியிருந்தோம், எழுதியது. இங்கே அழித்ததை அங்கேயும் அழித்தது. விருப்பத்தோடு அழித்ததா, தவறி அழித்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்?

தூரத்துப் பங்கில் மட்டும் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. அங்குள்ள கணனி நிறுத்தப்பட்டிருந்தது. "மின்சாரம் வந்தாலும் கணனியைப் போட வேண்டாம், முதலில் வலையமைப்பு வயரைக் கழற்றுங்கள்" என்று பங்குத்தந்தைக்குச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். வயர் கழற்றிய நிலையில் கணனியைப் போட்டபோது அந்தக் கிராமம் முழுவதும் அப்படியே இருந்தது. வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துக்கொண்டு இரவே திரும்பினோம். வாழ்க்கையில் முதன்முறையாக மின்வெட்டுக்கு நன்றி சொன்னோம்.

குருமடத்தில் படித்த ஒன்று அந்த இரவில் நினைவுக்கு வந்தது. புதிய ஏற்பாட்டு நூல்கள் எதனதும் மூலக் கையெழுத்துப் பிரதி இன்று இல்லை. பல இடங்களில் பல கைகள் எழுதிவைத்த பிரதிகள் வழியாகவே அவை எம்மிடம் வந்தன. ஒருவர் எழுத்தில் விட்ட பிழையை அவரைப் பார்த்து எழுதியவரும் எழுதினார். ஆயினும் அந்தப் பிழை சேராத பழைய பிரதி வேறொரு நாட்டில் இருந்தபடியால் அறிஞர்கள் அதைத் திருத்த முடிந்தது. ஒன்றையொன்று பார்த்து உடனுக்குடன் மாறும் பிரதிகள் ஒருபுறம் வேண்டும். அசையாமல் தனித்து நிற்கும் பழைய பிரதியும் ஒருபுறம் வேண்டும்.

இப்போது நாம் செய்வது

முதலாவது, மற்ற இரு கணனிகளிலும் பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியை இயக்கியுள்ளோம். இது தானாக இயங்காது. நாமே தெரிவு செய்ய வேண்டும். இங்கே ஒன்றை அழித்தாலும் மாற்றினாலும் அதன் பழைய பதிப்பு அங்கே தனி இடத்தில் ஒதுக்கி வைக்கப்படும்.

இரண்டாவது, அந்த இரு கணனிகளையும் 'பெறுதல் மட்டும்' என்று மாற்றியுள்ளோம். அங்கே யாராவது தவறிக் கை வைத்தாலும் அது இங்கே வராது.

மூன்றாவது, மாதத்துக்கு ஒருமுறை வெளி ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி அலுமாரியில் பூட்டுகின்றோம். வைரஸ் புகுந்து கோப்புகளைச் சிதைத்தாலும் இணைப்பில்லாத டிஸ்க்கை அது தொடாது. இந்த வேலையை இப்போது இருவர் பெயரில் எழுதி வைத்திருக்கின்றோம்.

நான்காவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு குடும்பத்தின் ஆவணத்தைப் பிரதியிலிருந்து திறந்து பார்க்கின்றோம். முளைக்குமா என்று பார்க்காமல் விதைநெல்லை நம்புவார் உண்டோ?

வாசகர்கள் கேட்க வேண்டியவை

உங்கள் ஆவணங்களை எந்த நிறுவனம் ஸ்கான் செய்ய வந்தாலும், எமது நிலையமாக இருந்தாலும், தயங்காமல் கேளுங்கள். பிரதிகள் எத்தனை இடத்தில் இருக்கும்? தவறி அழிந்தால் எப்படி மீட்பீர்கள்? யார் யார் திறந்து பார்க்கலாம்? நாங்கள் வேண்டாம் என்று சொன்னால் எல்லா இடத்திலும், பூட்டி வைத்த டிஸ்க்கிலும் நீக்குவீர்களா? காணி விபரம் பிறர் கைக்குப் போனால் அதனாலும் தொல்லை வரும். பிரதி பெருகப் பெருகக் காவலும் பெருக வேண்டும். சிங்க்திங்கில் ஒரு கணனிக்குப் பூட்டிய வடிவில் மட்டும் அனுப்பும் வசதியும் உண்டு. அங்கே உள்ளவர் வைத்திருக்கலாம், வாசிக்க முடியாது.

ஸ்கான் செய்த படம் உறுதிக்கு ஈடாகாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மூலத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அதோடு இன்றே ஒரு கொப்பித் தாளில் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தின் தொகுதி, பக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். பேமிற் காணியாயின் அதன் இலக்கத்தையும் வழங்கிய பிரதேச செயலகத்தின் பெயரையும் எழுதுங்கள். இரண்டு பிரதி எழுதி ஒன்றை வேறு ஊரில் வாழும் மகளுக்கோ சகோதரனுக்கோ கொடுங்கள். இதற்குக் கணனி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

அந்த முதியவர் இப்போது எம்மிடையே இல்லை. அவருடைய காகிதங்கள் மூன்று கணனிகளிலும் ஒரு டிஸ்க்கிலும் இருக்கின்றன. அவருடைய பேரப்பிள்ளைகள் என்றாவது ஒருநாள் வந்து, "இது எங்கடை எண்டு காட்ட என்ன கிடக்கு?" என்று கேட்டால், எடுத்துக் கொடுக்க எம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதற்காகவே இந்த மாதமும் மறவாமல் அந்த வயரைக் கொழுவிக் கழற்றினோம்.