லிலி யார் பக்கம்?

1941 ஏப்ரலில் ஜெர்மன் படை பெல்கிரேடைப் பிடித்ததும் அந்த ஊர் வானொலி நிலையமும் அதன் கைக்குப் போனது. பலமான டிரான்ஸ்மிட்டர். இரவில் மத்தியதரைக் கடலைத் தாண்டி லிபியப் பாலைவனம் வரை கேட்கும். கருவியெல்லாம் இருந்தும் போடுவதற்குப் பாட்டு இல்லை. வியன்னாவிலிருந்து ஒரு பெட்டி இசைத்தட்டுகளை வரவழைத்தார்கள். அங்கே யாருக்கும் வேண்டாமல் கிடந்தவை. அந்தப் பெட்டிக்குள் இருந்தது, லாலே ஆண்டர்சன் என்ற பாடகி 1939-இல் பதிவு செய்த ‘லிலி மார்லேன்’. வெளிவந்த காலத்தில் ஏறக்குறைய 700 தட்டுகள் விற்றதோடு முடங்கிப்போன பாட்டு.

வேறு தட்டுகள் அதிகம் இல்லாத குறைக்கு அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அலுத்துப்போய் நிலையத்தாரே நிறுத்தியபோது, பாட்டு எங்கே என்று கேட்டுப் போர்முனையிலிருந்து கடிதங்கள் குவிந்தன. பிறகு ஒவ்வோர் இரவும் பத்து மணிக்குச் சற்று முன் அது ஒலித்தது. வீட்டார் சிப்பாய்களுக்கு அனுப்பிய வாழ்த்துகளையும் நிலையம் வாசித்தது. நேயர் விருப்பம் கேட்க ரேடியோவை ஒட்டி உட்கார்ந்திருந்த இலங்கை வானொலித் தலைமுறைக்கு அந்த நேரத்தின் பரபரப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பாட்டில்? படைமுகாமின் வாசல், ஒரு விளக்குக் கம்பம், அதன் கீழே ஒரு பெண். உள்ளே திரும்பச் சொல்லி ஊதுகொம்பு ஒலிக்கிறது. அவன் கிளம்ப வேண்டும். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த விளக்கடியில் அவளோடு யார் நிற்பான் என்று கேட்கிறான். அவ்வளவுதான். இதை எழுதிய ஹான்ஸ் லைப் ஹாம்பர்க்காரர். 1915-இல், ரஷ்யப் போர்முனைக்குப் போகுமுன் பெர்லினில் காவல் நின்ற சிப்பாய். தான் அறிந்த இரண்டு பெண்களின் பெயர்களை ஒட்டி ஒருத்தியாக்கிவிட்டார். கவிதை 1937-இல் நூலில் வந்தது. மறு ஆண்டு நோர்பெர்ட் ஷுல்ட்ஸே மெட்டுப் போட்டார்.

அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதன் காரணம் இந்தப் பாட்டை வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரிகிறது. லிலி மார்லேன் என்று பெயர் இருக்கிறதே தவிர, அந்தப் பெயரில் ஒருத்தி இல்லை. அவள் கண் எப்படி, கூந்தல் எப்படி என்று ஒரு சொல் கிடையாது. எந்த நாட்டுச் சிப்பாயும் தன் ஊர்ப் பெண்ணை அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று: ஆண் புலவர் தலைவியின் குரலில் பேசுவது நமக்குப் பழக்கம். இங்கே ஒரு பெண், சிப்பாயின் குரலில் பாடுகிறாள். லிலி கடைசிவரை வாய் திறப்பதே இல்லை.

அதே 1939-இல் பிரிட்டனில் வேரா லின் பாடிய ‘வீ வில் மீட் அகெய்ன்’ மறுபடி சந்திப்போம் என்று அடித்துச் சொல்லும். லிலி பாட்டில் அந்த உறுதி இல்லை. கோயபல்ஸுக்கு அது பிடிக்காததில் வியப்பில்லை. திரும்பி வருவோமா என்று யோசிக்கும் சிப்பாய் எந்தப் பிரச்சார அமைச்சருக்கு வேண்டும்? ஆனால் அவரைவிடப் பாட்டுக்குக் கேட்பவர்கள் அதிகம்.

பாலைவனத்தில் எதிர்ப்பக்கம் இருந்த பிரிட்டனின் எட்டாவது படையும் அதே அலைவரிசையைத் திருப்பிக் கேட்டது. மொழி தெரியாமலே பாடவும் செய்தது. இங்கே ஒரு இனிப்பான கதையைச் சொல்ல எல்லோருக்கும் ஆசை வரும்: பாட்டு பகைவரை ஒன்றாக்கியது என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1942 அக்டோபரில் எல் அலமைனில் நூற்றுக்கணக்கான பீரங்கிகள் ஒரே இரவில் முழங்கின. பாட்டைக் கேட்டவர்கள்தான் இரண்டு பக்கமும் நின்று சுட்டார்கள். பாட்டு அவர்களுக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். அதற்கு மேல் அதன் தலையில் எதையும் ஏற்றக் கூடாது.

எதிரியின் மொழியில் தன் சிப்பாய்கள் பாடுவது லண்டனுக்கு உறுத்தியது. டாமி கானர் ஆங்கில வரிகள் எழுத, 1944-இல் ஆன் ஷெல்டன் பாடிய தட்டு வந்தது. அதற்கு முந்திய ஆண்டே பிபிசியின் ஜெர்மன் சேவையில், ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்த யூத நடிகை லூசி மன்ஹைம் அதே மெட்டில் வேறு வரிகளைப் பாடிவிட்டார். அதில் விளக்குக் கம்பம் ஹிட்லரைத் தூக்கில் போடப் பயன்படுகிறது! இத்தாலியில், நார்மண்டித் தரையிறக்கத்துக்குப் போகாமல் சொகுசாக இருப்பதாகத் தங்களைப் பற்றிப் பேச்சு அடிபட்டபோது, எட்டாவது படையினர் இந்த மெட்டில்தான் ‘டி-டே டாட்ஜர்ஸ்’ என்று கிண்டலாகப் பதில் பாடினார்கள். நையாண்டியாகத் தொடங்கி, மலைச்சரிவில் புதைந்த தோழர்களிடம் போய் முடியும் பாட்டு அது. அந்தப் படையில் இந்திய டிவிஷன்களும் இருந்தன.

பாடிய பெண்களின் கணக்குதான் விசித்திரம். ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் பிரெஞ்சு மொழியில் இதைப் பாடியவர் சூசி சொலிடோர். விடுதலைக்குப் பின், ஜெர்மானியரோடு ஒத்துப்போனவர் என்று தண்டிக்கப்பட்டார். பெர்லினில் பிறந்து அமெரிக்கரான மார்லின் டீட்ரிச் அதே பாட்டை அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பாடினார். 1947-இல் அமெரிக்க அரசின் ‘மெடல் ஆஃப் ஃப்ரீடம்’ பெற்றார். ஆனால் 1960-இல் ஜெர்மனிக்குப் பாடப் போனபோது, திரும்பிப் போ என்ற பதாகைகள் எதிர்கொண்டன.

மெட்டுப் போட்ட ஷுல்ட்ஸே? இங்கிலாந்து மீது குண்டு போடச் சொல்லும் பாட்டுக்கும் 1940-இல் மெட்டமைத்தவர் அவரே. காதலுக்கும் குண்டுக்கும் ஒரே கை. போருக்குப் பின் அபராதம் கட்டிவிட்டு 2002 வரை வாழ்ந்தார். மெட்டு நல்ல மெட்டு. அதை மறுக்க முடியாதது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

லாலே ஆண்டர்சனுக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஸுரிக்கில் இருந்த யூத நண்பர்களோடு அவர் வைத்திருந்த கடிதத் தொடர்பு 1942-இல் ஆட்சியாளர்களுக்குத் தெரியவந்தது. மேடை பறிபோனது. தூக்க மாத்திரை விழுங்கியும் உயிர் பிழைத்தார். அவரை வதை முகாமில் அடைத்துவிட்டார்கள் என்று பிபிசி சொல்ல, அதைப் பொய்யாக்கவாவது அவரை வெளியே காட்ட வேண்டிய நிலை நாஜிகளுக்கு. 1943-இல் மறுபடி பாட அனுமதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: லிலியைப் பாடக் கூடாது.

போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து அவருக்கு இன்னொரு பெரிய வெற்றி கிடைத்தது. 1960-இல் வந்த ‘நெவர் ஆன் சண்டே’ படத்துக்கு மானோஸ் ஹட்ஜிடாகிஸ் இசையமைத்த கிரேக்கப் பாட்டின் ஜெர்மன் வடிவம். அதில் பேசுபவள் பிரேயுஸ் துறைமுகத்துப் பெண். தனக்கானவனைக் கொண்டுவரும் கப்பலுக்குக் காத்திருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதில் லாலே அதைப் பாட, இந்த முறை தட்டுகள் விற்றுத் தள்ளின.