மின்வேலியும் வேண்டாம், தாழ்ந்த மின்கம்பியும் வேண்டாம்

மக்காச்சோளக் கதிர் பால் பிடித்தவுடன் காட்டுப்பன்றி வந்துவிடும். வேப்பூரைச் சுற்றி மக்காச்சோளம் போடுகிற யாருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே இரவில் அரை ஏக்கர் சாய்ந்து கிடக்கும். மணிலாவில் காய் இறங்கும்போதும் இதே கதைதான். விதைத்த மறுநாள் மயில் வந்து கிளறும். உளுந்து தளிர்த்தால் மான் மேயும். கடன் வாங்கி விதையும் உரமும் போட்டவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வயலைச் சுற்றி ஒரு கம்பியை இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு வயரை அதில் மாட்டிவிடுகிறார். கேட்டால், "ராத்திரி மட்டும்தான் சார், விடியறதுக்குள்ள எடுத்துடுவேன்" என்கிறார்.

அந்த ராத்திரிதான் ஆபத்தான நேரம். காரணம், நம் பாசன மின்சாரமே பல இடங்களில் ராத்திரி முறையில்தான் வருகிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் பக்கத்து வயல்காரர் கைவிளக்கோடு வரப்பில் நடந்து வருகிறார். ஈரத் தரை, வெறும் கால், முழங்கால் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத கம்பி. ஆண்டுதோறும் நம் மாவட்டத்திலும் சுற்று மாவட்டங்களிலும் மின்வேலியில் சிக்கி உயிர் விட்டவர்கள் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். தண்ணீர் பாய்ச்சப் போனவர், ஆடு தேடிப் போனவர், எலி பிடிக்கப் போனவர் என்று அவர்களில் பலர் நம்மைப் போன்றவர்கள்தான். சில சமயம் வேலி போட்டவரே மறந்துபோய்த் தன் வேலியில் சிக்குகிறார்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மனித உடலில் 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்குதான் அது. மோட்டார் லைன் அதைவிடப் பல நூறு மடங்கு கொடுக்கும் வலு உள்ளது. பன்றியை விரட்டும் அளவுக்கு மட்டும் கரண்ட் விடுகிறேன் என்பதெல்லாம் நேரடி லைனில் நடக்காத காரியம்.

தருமபுரி சொன்ன இரண்டு பாடங்கள்

2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டத்தில் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும்.

முதலாவது, மார்ச் 7-ஆம் தேதி, மாரண்டஅள்ளி அருகே. பயிரைக் காக்க ஒரு விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் இறந்த யானைகளை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. வேலி போட்ட விவசாயி கைதானார்.

இரண்டாவது, மார்ச் 18-ஆம் தேதி, கம்பைநல்லூர் அருகே. ஊருக்குள் வந்துவிட்ட ஓர் ஆண் யானையை வனத்துறையினர் காட்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அது ஏரிக்கரை மேட்டில் ஏறியபோது, மேலே போன உயர் அழுத்த மின்கம்பி தலையில் பட்டு அங்கேயே சரிந்தது. அங்கே எந்த விவசாயியும் வேலி போடவில்லை. கரைமேட்டுக்கும் கம்பிக்கும் இடையே போதிய உயரம் இல்லை, அவ்வளவுதான்.

முதல் சம்பவத்தில் திருந்த வேண்டியது விவசாயி. இரண்டாவதில் கம்பியைப் பராமரிப்பவர்கள். மின் பாதுகாப்பு என்ற பேச்சு வந்தாலே ஒரு பக்கத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. மின்வாரியத்தார் விவசாயியைச் சொல்வார்கள். விவசாயி மின்வாரியத்தைச் சொல்வார். இருவரும் செய்ய வேண்டியது இருக்கிறது.

விழிப்புணர்வு ஒரு வழிப் பாதை அல்ல

நாம் இன்றும் மின்வாரியம் என்றே அழைக்கும் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், துண்டுப் பிரசுரம், ஒலிபெருக்கி, பள்ளி நிகழ்ச்சி என்று மின் பாதுகாப்பைப் பற்றி மக்களிடம் சொல்லி வருகிறது. ஜூன் கடைசி வாரம் மின் பாதுகாப்பு வாரம்; டிசம்பர் 14 முதல் மின் சிக்கன வாரம். தருமபுரி சம்பவங்களுக்குப் பிறகு வனத்துறையும் மின்வாரியமும் சேர்ந்து யானை நடமாடும் இடங்களில் மின்பாதைகளை ஆய்வு செய்து, தாழ்ந்த கம்பிகளை உயர்த்தும் வேலை நடந்தது. அதே 2023-இல் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளும் கொண்டுவந்தது. காப்புக்காடுகளை ஒட்டிய பகுதிகளில் சூரியசக்தி மின்வேலி போடுவதானாலும் இப்போது அனுமதி வேண்டும்.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிவிட்டுப் போனால் பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதி, ஊராரிடம் "எந்தக் கம்பி தாழ்ந்திருக்கிறது, எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, பன்றித் தொல்லை எந்தப் பக்கம்?" என்று கேட்டு எழுதிக்கொள்வது. கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விவசாய இணைப்பு பாசனத்துக்கானது. அதிலிருந்து வேலிக்கு மின்சாரம் எடுப்பது, மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-இன்படி மின் திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆள் இறந்தால் கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கே வழக்கு போடுகிறார்கள். பயந்துபோய் உடலை மறைத்தால் தடயத்தை அழித்த குற்றமும் சேரும்.

மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. வேலி போட்டவர் பன்றிக்காகத்தான் போட்டேன் என்று சொன்னாலும், சிக்கியது மயிலோ மானோ என்றால் வழக்கு அதற்குத்தான். ஒரு போக மக்காச்சோளத்துக்காக ஒரு குடும்பம் பல வருடம் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா என்று யோசியுங்கள்.

பயிரைக் காக்க என்ன செய்யலாம்?

வேலி போடாதே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அது அறிவுரை ஆகாது. செய்யக்கூடியவை இவை.

*சூரியசக்தி மின்வேலி:* இதில் பேட்டரியிலிருந்து ஒரு கருவி வழியாக மின்சாரம் துடிப்பு துடிப்பாகப் போகிறது. சுமார் ஒரு வினாடிக்கு ஒரு துடிப்பு. அதுவும் வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவாக. வோல்ட் பல ஆயிரம் இருந்தாலும் நேரம் மிகக் குறைவு என்பதால் சுரீரென்று அடித்துத் தள்ளுமே தவிர உயிரை எடுக்காது. கருவி ஐ.எஸ். 302-2-76 தரச்சான்றுக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. இந்த ஆண்டு நிதி இருக்கிறதா என்று உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கம்பியில் புல் பூண்டு பட்டால் வேகம் குறையும். வாரம் ஒரு முறை அடியில் செதுக்கிவிட வேண்டும்.

*ஆமணக்கு வரப்புப் பயிர்:* மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கமாகப் போடுங்கள். பன்றிக்கு அந்த வாடையும் சுவையும் பிடிக்காது. ஆமணக்கு முன்னதாக வளர்ந்து நிற்க வேண்டும் என்பதால் பத்து, பதினைந்து நாள் முந்தி விதைக்க வேண்டும். விதையும் காசாகும்.

*முள்கம்பி:* தரையிலிருந்து ஓர் அடி இடைவெளியில் மூன்று வரிசை இழுத்துக் கட்டலாம். கீழ்க்கம்பி தரையை ஒட்டி இருக்க வேண்டும். பன்றி மூக்கால் தூக்கித்தான் நுழையும்.

*முறைக் காவல்:* பால் பிடிக்கும் காலம் இரண்டு, மூன்று வாரம்தான். பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒரே சமயத்தில் விதைத்து, முறை வைத்துக் காவல் காத்தால் ஒருவர் தலையில் சுமை விழாது.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த வழிமுறையும் உண்டு. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். நாம் சுடுவதற்கோ வெடி வைப்பதற்கோ இதில் இடமில்லை. கிராம நிர்வாக அலுவலர் வழியாக மனு கொடுங்கள். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து, அன்றே வேளாண் அலுவலருக்கும் வனத்துறைக்கும் தெரிவியுங்கள். இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம்.

நாம் மின்வாரியத்திடம் கேட்க வேண்டியவை

11 கிலோவோல்ட் வரையிலான திறந்த கம்பி, சாலை அல்லாத நிலத்தில் தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி உயரத்தில் இருக்க வேண்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் இன்னும் உயரம் தேவை. ஆனால் வெயிலில் கம்பி தொய்யும், கம்பம் சாயும், நாமும் வண்டல் அடித்து நிலத்தை மேடாக்கிவிடுவோம். கரும்பு ஏற்றிய டிராக்டர், அறுவடை இயந்திரத்தின் தானியக் குழாய், நீளமான அலுமினியக் கம்பு எல்லாம் இங்கேதான் மோதுகின்றன. காற்றில் இரண்டு கம்பி உரசிப் பொறி விழுந்தால் காய்ந்த கரும்புத் தோகை நொடியில் பற்றும்.

தாழ்ந்த கம்பியைக் கண்டால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். கம்ப எண், சர்வே எண், டிரான்ஸ்பார்மர் பெயர் எழுதி, படம் வைத்து, பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 'இடையில் ஒரு கம்பம் நட வேண்டும்' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 'மின்னகம்' சேவை எண் 94987 94987. இரவு பகல் எந்நேரமும் புகார் பதியலாம். வேலை நடக்கவில்லையென்றால் செயற்பொறியாளர் அலுவலகத்தின் மாதாந்திரக் குறைதீர்க்கும் கூட்டம், அடுத்து ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர்க்கும் நாள், அதற்கும் மேல் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் என்று படிப்படியாகப் போகலாம். ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தால்தான் அடுத்த படி ஏற முடியும்.

மரம் நடும்போதும் மேலே பாருங்கள். மின்பாதைக்கு அடியில் தைலமரம், சவுக்கு, தேக்கு, தென்னை, மூங்கில் வேண்டாம். எலுமிச்சை, கறிவேப்பிலை, சீத்தா, கவாத்து செய்யும் கொய்யா போதும். பின்னால் மரத்தை மொட்டையடிக்கும் வேலையும் வராது, மழைக்காலத்தில் ஊர் இருட்டாகவும் ஆகாது. கம்பியைத் தொடும் கிளையை நீங்களே வெட்டாதீர்கள். லைன்மேன் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

*கம்பி அறுந்து வயலில் கிடக்கிறது. என்ன செய்வது?*

முப்பது அடிக்குள் போகாதீர்கள். யாரையும், மாட்டையும் விடாதீர்கள். ஈரத் தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் மனிதருக்கு முன்பே அது விழும். உடனே மின்னகத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

*மின்வேலியில் ஒருவர் சிக்கியிருப்பதைப் பார்த்தால்?*

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்தும் வரை அவரைத் தொடாதீர்கள். காப்பாற்றப் போன மகனும் சேர்ந்து போன வீடுகள் உண்டு. பிறகு 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவே இரண்டு கைகளாலும் நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள்.

*ஆட்டை மின்கம்பத்தில் கட்டலாமா?*

கூடாது. கம்பத்திலும், அதைத் தாங்கும் இழுவைக் கம்பியிலும் கசிவு இருந்தால் தெரியாது. துணி காயப்போடுவதும் கூடாது.

*மோட்டார் கொட்டகையில் செலவு குறைவாக என்ன பாதுகாப்பு செய்யலாம்?*

எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். கசிவு ஏற்பட்டால் தானாக நிறுத்தும் ஈ.எல்.சி.பி. கருவி பொருத்துங்கள். ரப்பர் செருப்பு இல்லாமல், ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

*ஊராக என்ன செய்யலாம்?*

ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்காச்சோள அறுவடைக்கு முந்தைய கூட்டத்துக்குப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரையும் வனக் காவலரையும் வேளாண் அலுவலரையும் அழைக்கும்படி ஊராட்சித் தலைவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். "எங்கள் ஊரில் நேரடி மின்வேலி போடமாட்டோம்" என்று ஒரு தீர்மானம், "இந்தந்தக் கம்பிகளை இந்தத் தேதிக்குள் உயர்த்த வேண்டும்" என்று ஒரு தீர்மானம். இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள்.