சுரண்டிப் பார்த்து நம்புங்கள்: ஏலத்துக்கு வரும் இளம் வீரர்களை எந்தத் தளத்தில் தேடுவது?

ஏல நாளில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் கைபேசிக்கும் ஓர் இடம் உண்டு. தறிக் கம்பத்தில் சாய்த்து வைத்திருப்பார்கள். நாடா ஓடும் சத்தத்துக்கு நடுவே சுத்தியல் விழும் சத்தமும் கேட்கும். 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு பேரைச் சென்னை சூப்பர் கிங்ஸ் தலா 14.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இருவரும் அதுவரை இந்தியாவுக்காக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாதவர்கள். அடிப்படை விலை 30 லட்சம். "யாருண்ணா இவங்க? பேரே கேள்விப்பட்டதில்லையே!" என்ற கேள்வி அன்று தமிழ்நாடு முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்த நிமிடமே கைபேசியில் தேடல் தொடங்கிவிடும். நூறு பக்கங்கள் வந்து விழும். ஒன்று "அடுத்த ஜடேஜா" என்னும். இன்னொன்று "அடுத்த தோனி" என்னும். எதை நம்புவது? ஏலத்துக்கு முன்பே இந்தப் பையன்களைக் கண்டுபிடித்துப் பின்தொடர வேண்டுமானால் எங்கே பார்ப்பது?

இதற்கான வழி காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. சரிகை அசல்தானா என்று சந்தேகம் வந்தால் நாம் மினுமினுப்பைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இழையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்போம். விளையாட்டுத் தளங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மேலே இருப்பது புகழுரை. அதற்கு அடியில் ஆட்டக் கணக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

டிராஃப்ட் வேறு, ஏலம் வேறு

தளங்களுக்குள் போகும் முன், வீரர்களை எடுக்கும் முறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். இளம் வீரர்களை ஏலம் விடுவதில்லை. அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும். அதுதான் டிராஃப்ட். போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. 1936-ல் பிலடெல்பியாவில் முதல் டிராஃப்ட் நடந்தபோது, வீரர்களைத் தேடிப்போய்ப் பார்க்க அணிகளிடம் ஆள் கிடையாது. பத்திரிகையில் படித்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வைத்தே பெயர்களைக் கரும்பலகையில் எழுதினார்கள். அன்று முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் கடைசிவரை அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2000-ல் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார். வரிசையில் முந்தி வந்தவரெல்லாம் ஆட்டத்திலும் முந்துவார் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்கும் டிராஃப்ட் தெரியும். 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.), முதல் சில பருவங்களில் டிராஃப்ட் முறையில்தான் வீரர்களைப் பிரித்தது. ஏலத்துக்கு மாறியது 2023 பிப்ரவரியில். அந்த முதல் ஏலம் நடந்த இடம் மாமல்லபுரம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்.

அந்த ஏலத்தில் ஒரு வேடிக்கை. சாய் சுதர்சனை லைகா கோவை கிங்ஸ் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்துவந்தது 20 லட்சம். மாநில லீக்கில் கூடுதல் விலை, தேசிய லீக்கில் குறைந்த விலை! மூன்று மாதம் கழித்து ஐ.பி.எல். இறுதிப்போட்டியில் அவர் 47 பந்தில் 96 அடித்தார். 2025-ல் 759 ரன்களுடன் ஆரஞ்சுத் தொப்பியையும் வாங்கினார். இந்தப் பையன் எப்படி ஆடுவான் என்பதை விலைப்பட்டியலில் தேடியவர் ஏமாந்திருப்பார். கோவைக்கு அவர் ஆடிய டி.என்.பி.எல். ஆட்டங்களின் ஸ்கோர் அட்டையைப் பார்த்தவர் ஏமாந்திருக்க மாட்டார்.

எந்தத் தளத்தில் என்ன கிடைக்கும்?

முதலில் அதிகாரபூர்வத் தளங்கள். ஐ.பி.எல். தளத்தில் ஏலத்துக்கு முன் வெளியாகும் வீரர் பட்டியலில் பெயர், வயது, மாநிலச் சங்கம், வலக்கையா இடக்கையா, அடிப்படை விலை எல்லாம் இருக்கும். ஒருவர் ஏலத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு இதுவே கடைசி வார்த்தை. பட்டியல் வருவதற்கு முன் "இவர் வருகிறார்" என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தளம் இன்னும் கீழே இறங்கி, சென்னை லீக் ஆட்டங்களைக் காட்டும். பாளையம்பட்டி ஷீல்டுக்காக நடக்கும் முதல் டிவிஷன் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு டி.என்.பி.எல். பெயர்கள் புதிதாக இருக்காது.

இரண்டாவது, கணக்குத் தளங்கள். ஈ.எஸ்.பி.என். கிரிக்இன்ஃபோ, கிரிக்பஸ் இரண்டையும் அறியாதவர் குறைவு. பலர் அங்கே நேரடி ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வீரரின் பக்கத்துக்குள் போனால் சையது முஷ்டாக் அலி, விஜய் ஹசாரே, ரஞ்சி என்று ஒவ்வொரு போட்டியும் தனித்தனியாகக் கிடைக்கும். பந்துக்குப் பந்து விவரம் வேண்டும் என்பவருக்கு கிரிக்ஷீட் என்ற இலவசக் களஞ்சியம் இருக்கிறது. கணினியில் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, கிரிக்ஹீரோஸ் மாதிரியான செயலிகள். அகமதாபாத்தில் தொடங்கிய இதில் உள்ளூர் டென்னிஸ் பந்து ஆட்டம் முதல் கிளப் ஆட்டம்வரை பதிவாகிறது. தெருமுனைத் திறமையையும் இதில் காணலாம். ஆனால் ஸ்கோர் போடுபவர் பெரும்பாலும் ஆட்டத்தை நடத்துபவர்களில் ஒருவர்தான். அதனால் எந்த ஆட்டம், யார் நடத்தியது என்று பார்த்துவிட்டே எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கருத்துச் சொல்லும் தளங்களும் யூடியூப் சேனல்களும். மாதிரி ஏலம், பத்துப் பேர் பட்டியல், "இவரைத்தான் எடுக்கப்போகிறார்கள்" வகையறா. முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதினால் எண்ணில் வராதது கிடைக்கும். 2016 டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல்லுக்காக ஒரு சூப்பர் ஓவரை யார்க்கர்களாகவே போட்டார் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். ஸ்கோர் அட்டை ரன்னை மட்டும்தான் சொல்லும். யார்க்கரைக் கண்ணால் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அடுத்த ஏலத்தில், 2017-ல், 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது.

ஆகவே நான்காம் வகையைப் படியுங்கள், முதல் மூன்றில் சரிபாருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால்தான் வம்பு.

வருணை எந்தப் பட்டியல் காட்டியிருக்கும்?

நல்ல தளத்துக்கும் சுமாரான தளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆளை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்துவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். 2017-18-ல் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக நான்காவது டிவிஷனில் ஆடினார். 31 விக்கெட், சராசரி 8.26, ஓவருக்கு 3.06 ரன். நான்காவது டிவிஷன் எண்களைத் தேடிப் படிப்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

2018 டி.என்.பி.எல்.லில் மதுரை பாந்தர்ஸுக்கு வந்தார். 10 ஆட்டத்தில் 9 விக்கெட். ஆட்டத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. "அதிக விக்கெட் எடுத்தவர்கள்" பட்டியலை மட்டும் போடும் தளத்தைப் பார்த்திருந்தால் இவரைத் தாண்டிப் போயிருப்பீர்கள். பக்கத்துக் கட்டத்தில் இருந்தது உண்மையான சேதி: ஓவருக்கு 4.7 ரன். இருபது ஓவர் ஆட்டத்தில், பருவம் முழுக்க ஒருவர் ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்கவில்லை. அடிக்கவே முடியாத பந்துவீச்சாளர் என்பதை அந்த ஓர் எண் சொல்லியது. அந்த ஆண்டு மதுரை கோப்பையை வென்றது. டிசம்பரில் ஜெய்ப்பூர் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலைக்காரரைப் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. 42 மடங்கு!

கதை அதோடு முடியவில்லை. 2019-ல் ஐ.பி.எல்.லில் அவர் வீசிய முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. விரலில் காயம். அந்தப் பருவத்தில் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். பஞ்சாப் விடுவித்தது. கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2025-ல் சாம்பியன்ஸ் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். முதல் ஓவர் முடிந்த அன்றே "8.4 கோடி வீண்" என்று எழுதிய தளமும் உண்டு என்றால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு அப்புறம் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம்.

இதிலிருந்து தெரிவது மூன்று. விக்கெட்டோடு ஓவருக்கான ரன்னையும், ரன்னோடு ஸ்ட்ரைக் ரேட்டையும் சேர்த்துக் காட்டும் தளமாக இருக்க வேண்டும். எந்த மட்டத்து ஆட்டம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். நான்காவது டிவிஷன் 31 விக்கெட்டும் ரஞ்சி 31 விக்கெட்டும் ஒரே தராசில் நிற்காது. எத்தனை ஆட்டத்தின் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும், டி.என்.பி.எல். லீக் சுற்றில் ஓர் அணிக்கு ஏழே ஆட்டம். இரண்டு நல்ல மாலைப்பொழுது போதும், சராசரி எகிறிவிடும்.

இனிஷியலைக் கவனியுங்கள்

2023 டிசம்பரில் துபாய் ஏலத்தில் பஞ்சாப் அணி 20 லட்சத்துக்கு ஷஷாங்க் சிங்கை எடுத்தது. எடுத்த கையோடு மேசையில் குழப்பம். ஒரே பெயரில் இரண்டு பேர் பட்டியலில் இருந்ததால் வந்த வினை என்று பிற்பாடு விளக்கம் வந்தது. அடுத்த பருவத்தில் அந்த ஷஷாங்க் 354 ரன் அடித்தார். கோடிகளைக் கையில் வைத்திருக்கும் மேசைக்கே இந்தக் கதி என்றால் நம் தேடலைச் சொல்லவா வேண்டும்?

தமிழ்நாட்டில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஆர். அஸ்வினும் எம். அஸ்வினும் 2016-ல் புனே அணியில் ஒன்றாகவே ஆடினார்கள். டி.என்.பி.எல்.லில் காஞ்சி வீரன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிய பாபா அபராஜித்தும் அவருடைய இரட்டைச் சகோதரர் பாபா இந்திரஜித்தும் ஸ்கோர் அட்டையில் ஒரே 'பி'. பெயரை மட்டும் போட்டு, பிறந்த தேதியும் அணியும் இல்லாமல் ஒருவரைப் புகழும் பக்கம் யாரைப் புகழ்கிறது என்று அதற்கே தெரியாமல் இருக்கலாம்.

எவற்றை மூடிவிட்டு வரலாம்?

"கணிப்பு" என்ற பெயரில் பணம் கட்டச் சொல்லும் பக்கம் எதுவாக இருந்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. அதன்பின் பெரிய நிறுவனங்களே பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன. இன்னும் அழைப்பு வருகிறதென்றால், அழைப்பவர் நம் வீரரைப் பார்க்கவில்லை, நம் சட்டைப்பையைப் பார்க்கிறார். கட்டுரையில் தேதி இல்லாத தளம், எழுதியவர் பெயர் இல்லாத தளம், "நம்பத்தகுந்த வட்டாரம்" என்று மூன்று முறை சொல்லும் தளம் ஆகியவையும் இதே கூடையில்தான் சேரும்.

கால்பந்து பார்ப்பவர்களுக்கு

இந்தியக் கால்பந்திலும் ஏலமும் டிராஃப்டும் இருந்தன. இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) 2015 ஏலத்தில் சுனில் சேத்ரியை மும்பை 1.2 கோடிக்கு எடுத்தது. 2017 டிராஃப்டில் கேரளத்து அனஸ் எடதொடிகா முதல் ஆளாக ஜாம்ஷெட்பூருக்குப் போனார். இப்போது அணிகள் வீரர்களோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. எல்லாரும் எடுத்துக்காட்டும் தளம் ஜெர்மனியின் டிரான்ஸ்ஃபர்மார்க்ட். அங்கே யார் எந்தக் கிளப்பில் எப்போது ஆடினார் என்ற விவரம் மிகவும் பயனுள்ளது. ஆனால் அங்குள்ள சந்தை மதிப்பு யாரும் கொடுத்த விலையல்ல, பயனர்கள் கூடி விவாதித்துப் போடும் மதிப்பீடு. அதைச் சம்பளம் என்று எடுத்து எழுதும் செய்தியைக் கண்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

காஞ்சி கொடுக்கும் ஒரு சோதனை

காஞ்சிபுரத்துக்கு டி.என்.பி.எல். அணி இரண்டு முறை கிடைத்தது, இரண்டு முறையும் கைவிட்டுப் போனது. 2016-ல் ரூபி காஞ்சி வாரியர்ஸ். மறுவருடமே அது திருச்சிக்குப் போய்விட்டது. 2018-ல் திருவள்ளூர் வீரன்ஸ் பெயர் மாறி காஞ்சி வீரன்ஸ் ஆனது. 2019 பருவத்துக்குப் பிறகு அதுவும் நெல்லை ராயல் கிங்ஸ் ஆகிவிட்டது. நம் ஊர்ப் பெயரில் ஆடிய ஓர் ஆட்டம்கூட நம் ஊரில் நடக்கவில்லை. சேப்பாக்கத்துக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், இல்லையென்றால் நத்தம், திருநெல்வேலி. அதனால் காஞ்சி ரசிகருக்கு மைதானம் என்பது தொடக்கத்திலிருந்தே கைபேசித் திரைதான்.

புதிதாக ஒரு கணக்குத் தளம் கண்ணில் பட்டால் இதைச் செய்து பாருங்கள். 2018 டி.என்.பி.எல். ஆட்டம் ஒன்றைத் திறந்து, அங்கே ஆடிய அணி காஞ்சி வீரன்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இன்றைய பெயரை அன்றைய ஆட்டத்தின் தலையில் ஒட்டி நெல்லை என்று போட்டிருந்தால், அந்தத் தளம் பழைய கணக்கைப் பத்திரமாக வைக்கத் தெரியாதது. அதன் புதுக் கணக்கையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். காஞ்சி வீரன்ஸ் என்றே இருந்தால் அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அணி ஊரைவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஸ்கோர் அட்டையில் ஊர்ப் பெயர் அப்படியே இருக்கும்.